கண்ணாடியைத் தவிர எல்லாரையும் நனைத்த வேன்

கருங்கல் ஜங்ஷனில் என்னை முதலில் திட்டியவர் புதுப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். முந்தானை முழுக்க நனைந்திருந்தது. நனைத்தது நான்தான். ஆனால் அதற்காக எனக்கு வருத்தம் வரவில்லை, கோபம்தான் வந்தது. முன்னால் போன டிப்பர் லாரி என் வேனின் முன்கண்ணாடியில் சேற்றை வாரி அடித்தது. கழுவுவதற்காக நான் வைப்பர் லிவரை இழுத்தேன். தண்ணீர் கண்ணாடியைத் தொடாமல் கூரையைத் தாண்டிப் போய், பின்னால் பைக்கில் வந்தவர்கள் மேல் விழுந்தால் அதற்கு நான் என்ன செய்வேன்?

பைக் ஓட்டிவந்த கணவர் வேனைச் சுற்றிவந்து என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி, பக்கத்து சீட்டில் இருந்த அப்பாவிடம் பேசினார்.

"வண்டிய ஒரு பொட்டப்பிள்ளைகிட்ட குடுத்திட்டு நீரு வெளிய வேடிக்கை பாத்துட்டு இரிக்கியரு, என்ன?"

அப்பா இரண்டு கைகளையும் கூப்பினார். அந்தக் கும்பிடுதான் எனக்கு முதல் அடி. நிச்சயதார்த்தத்துக்குப் போகிறவர்கள் என்பதால் அவர்கள் அதிக நேரம் சண்டை போடவில்லை. போகும்போது அந்தப் பெண் மட்டும் என்னிடம் நேராகச் சொன்னார்: "தெரியாத பட்டனை எல்லாம் எதுக்குட்டீ அமுக்குக?"

எனக்குத் தெரியாத பட்டன் அந்த வேனில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள். கல்லூரிக்குப் போனதும், கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்ததும் என்னோடுதான் தொடங்கியது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. விளாத்திகுளத்துக்குக் கிழக்கே கரிசல் கிராமங்களில், கை கால் இறுகிப்போன பிள்ளைகளுக்கு வீடு தேடிப்போய்ப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன அமைப்பில் வேலை பார்க்கிறேன். பஸ் போகாத ஊர்களுக்கு நினைத்தபோது போக முடிவதில்லை. மாரீஸ்வரி என்று ஒரு பிள்ளை சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தாள். நான் போகாமல் விட்டால் அவள் கால் மறுபடியும் இறுகிவிடும். அடுத்தமுறை முதலில் இருந்து தொடங்க வேண்டும், அவள் அழுவாள்.

அதற்காகத்தான் வேன். எங்கள் செயலாளர் டிரைவர் போடலாம் என்றார். டிரைவர் போட்டால் வாரத்தில் இரண்டு நாளுக்குத்தான் கட்டுப்படியாகும். நானே ஓட்டினால் எல்லா நாளும் வண்டி போகும். வாதாடி, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். கருங்கலில் வாங்கியிருக்கும் பழைய வேனை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் நானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டால், சாவி எனக்கு. இல்லையென்றால் டிரைவர். தனியாக அனுப்ப மாட்டோம், அப்பாவைக் கூட்டிப் போ என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அப்பா கரிமூட்டம் போடுகிறவர், விறகை மண்ணால் மூடிச் சுட்டுக் கரியாக்குகிறவர். வேலிக்கருவை விறகு எந்தப் பக்கம் புகைகிறது என்று தூரத்தில் இருந்தே சொல்வார். வண்டியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

கன்னியாகுமரி மாவட்டம் எங்களுக்கு வெளிநாடு மாதிரி. எங்கள் ஊரில் பச்சை என்றால் வேலிக்கருவை முள்மரம்தான். இங்கே மதில், கூரை, லைட் கம்பம் எல்லாவற்றின் மேலும் ஏதாவது பச்சையாகப் படர்ந்திருக்கிறது. நாங்கள் போனது ஜூன் மாதம். மழை வருவதும் நிற்பதும் தெரியாமல் தூறிக்கொண்டே இருந்தது. ஊரெல்லாம் தண்ணீர், வயல் எல்லாம் தண்ணீர். என் கண்ணாடிக்கு மட்டும் தண்ணீர் இல்லை.

வேனை விற்றவர் ஜெபராஜ் அண்ணன். சவுதியில் டிரைவராக இருந்து திரும்பியவர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரம் வைத்திருக்கிறார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் ஜங்ஷனில் நடந்ததைச் சொன்னதும் சிரித்தார்.

"அதொண்ணும் பெரிய கேஸ் இல்ல. தக்கலையில நம்ம செல்வின் இருக்கான். ஊசி வச்சுத் திருப்பினா தீந்துது. அண்ணாச்சி, வாருங்க, போலாம்."

'அண்ணாச்சி' என்பது அப்பா. வண்டியை ஓட்டிக்கொண்டு போனது நான்.

வைப்பர் தண்ணீர் பீச்சுகிற நாசில், கண்ணாடிக்குக் கீழே பானெட்டின் நடுவில், ஒரு சின்னக் கறுப்புக் குமிழ் மாதிரி இருக்கும். அதன் நுனியில் துளையுள்ள ஓர் உருண்டை. துளைக்குள் குண்டூசியை விட்டு நெம்பினால் தண்ணீர் போகும் திசை மாறும். அவ்வளவுதான் வேலை. குமிழைச் சுற்றி மஞ்சளாக ஏதோ பிசின் படிந்திருந்ததை அன்றே பார்த்தேன். கம்பெனியில் ஒட்டியது என்று நினைத்தேன். மெக்கானிக் செல்வினும் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது.

செல்வின் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார்: "அண்ணாச்சி, எங்க அடிக்கணும்?"

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சநேரம் பார்த்தார். கோயில் நிலத்தை ஏலம் எடுக்க வந்தவர் மாதிரி நின்றார். "நடுவுல அடிக்கட்டும்" என்றார்.

ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக வேண்டும், அதிலும் நடுவுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும், வேகமாகப் போகும்போது காற்று தண்ணீரைக் கீழே அமுக்கும் என்று நான் சொன்னேன். செல்வின் நல்ல பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, நடுவில் வைத்தார். தண்ணீர் கண்ணாடியில் விழுந்தது. மூன்று ஆண்களும் தலையாட்டினார்கள்.

அன்று வண்டிக் காகிதங்களில் ஒரு கையெழுத்து பாக்கி இருந்ததால் ஜெபராஜ் அண்ணன் வீட்டில் தங்கினோம். அவர் மனைவி லில்லி அக்கா மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்து, தேங்காய் அரைத்த மீன்குழம்போடு வைத்தார். எங்கள் ஊர்க் குழம்பு நாக்கைச் சுடும். இது வழுக்கிக்கொண்டு இறங்கியது. கோபத்தில் இருந்தாலும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன். "வெள்ளம் வேணுமா?" என்று லில்லி அக்கா கேட்டபோது அப்பா வாசலை எட்டிப் பார்த்தார். இங்கே குடிக்கிற தண்ணீர்தான் வெள்ளம் என்று நான் அவருக்குச் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் புட்டும் பயறும் பப்படமும். மட்டிப்பழம் என்கிற சின்ன வாழைப்பழத்தைப் புட்டோடு பிசைந்து சாப்பிடச் சொன்னார்கள். சாப்பாட்டில் பழமா என்று அப்பா தயங்கினார், பிறகு இன்னொரு பழம் கேட்டார். கையெழுத்து முடிந்து கிளம்ப வெயில் ஏறிவிட்டது.

தக்கலைக்குச் சற்று முன்னால் கல் ஏற்றிய டிப்பர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டேன். இந்த மாவட்டத்துச் சாலைகளில் இந்த லாரிகளுக்குப் பின்னால் போனவர்களுக்குத்தான் தெரியும். பள்ளம் ஒவ்வொன்றும் சேற்றுக் கிண்ணம். லாரி அதில் இறங்கி ஏற, முழுக் கண்ணாடியும் ஒரே அடியில் மூடிவிட்டது. லிவரை இழுத்தேன். தண்ணீர் கூரைக்கு மேல் போனது. வைப்பர் சேற்றைக் குழப்பிப் பூசியது. எதிரில் மனிதர்களா மரங்களா தெரியவில்லை. தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றபோது ஒரு பஸ் நிறுத்தம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே குடை பிடித்தபடி ஆட்கள் நின்றார்கள்.

இறங்கித் துணியால் கண்ணாடியைத் துடைத்தேன்.

பக்கத்துச் சாயாக்கடையில் ஒரு மலையாளக் குடும்பம் காரை நிறுத்திச் சாயா குடித்துக்கொண்டிருந்தது. கணவர் மனைவியிடம் மலையாளத்தில் சொன்னது எனக்குப் புரிந்தது. தமிழில் சொன்னால், "ஓட்டுவது யாரென்று பார்த்தாயா?" மனைவி சாயாவில் இருந்து கண்ணை எடுக்காமல், "பார்த்தேன். கண் தெரியாமலே நிறுத்திவிட்டாள்" என்றார். அதுவரை என் பக்கம் பேசிய ஒரே ஆள் அந்த அம்மாள். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மறுபடியும் செல்வின். இந்த முறை அவருக்கே கொஞ்சம் எரிச்சல்.

"அண்ணாச்சி, நான் நேத்து கரெக்டா வச்சுத்தானே விட்டேன்? பிள்ளை லிவரைப் பிடிச்ச பிடியிலதான் திரும்பியிருக்கும்போல. ரொம்ப நேரம் பிடிச்சா பிரஷர் கூடும், கேட்டியளா?"

நான் எவ்வளவு நேரம் பிடித்தாலும் உருண்டை திரும்பாது, பம்பின் வேகம் வேறு, துளையின் திசை வேறு என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஒர்க்ஷாப்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நடுவில் வந்து, "பிரசர்தான் தம்பி, சின்னப்பிள்ள, கொஞ்சம் அழுத்திப் பிடிச்சிருச்சு" என்றார்.

அவருக்குப் பிரஷர் என்றால் என்னவென்று தெரியாது. இருந்தும் தலையை ஆட்டிச் சொன்னார். படிக்க வைத்த மகள் பக்கத்தில் நிற்கும்போது, அவளை விட்டுவிட்டு, அப்போதுதான் கேட்ட ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு அந்த ஆளோடு சேர்ந்துகொண்டார். நான் சாலையைக் கடந்து போய் நின்றுகொண்டேன்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது இரண்டு காரியம் முடிந்திருந்தது. செல்வின் நாசிலைத் திருப்பியிருந்தார். அப்பா போன் போட்டு ஜெபராஜ் அண்ணனை வரவழைத்திருந்தார். மழை வலுக்கப் போகிறது, இன்று தங்கிவிட்டு நாளை பைய போகலாம் என்று ஆண்களே முடிவு செய்திருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. செயலாளரும் அழைத்திருக்கிறார். அப்பாவின் போனில்தான். கஷ்டமாக இருந்தால் டிரைவரை பஸ் ஏற்றி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். அப்பா, "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம்" என்று சொல்லியிருக்கிறார்.

என் வேலையை, என் சாவியை, மாரீஸ்வரியின் கால்களை, நாளை மத்தியானம் வரைக்கும் பார்ப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். வண்டியைக் கருங்கலுக்கே திருப்பி ஓட்டினேன். நல்லவேளை தூறல் மட்டும்தான். கண்ணாடியைக் கழுவும் அவசியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லில்லி அக்காவின் சத்தம் கேட்டு எழுந்தேன். கோயில் என்று இங்கே சொல்கிற சர்ச்சுக்குப் போகக் குடையை எடுத்தவர், அதை விரித்துப் பிடித்தபடி முற்றத்தில் நின்று கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார். கிழிந்த குடையை ஒட்டச் சொன்னதற்கு, பாவாடைக்குச் சுருக்கு வைத்த மாதிரி வைத்துத் தந்திருக்கிறார் என்றார். எட்டிப் பார்த்தேன். கறுப்புத் துணியில் ஒரு ஒட்டு. சுற்றியிருந்த துணியெல்லாம் அதை நோக்கிச் சுருங்கி இழுபட்டிருந்தது. ஒட்டின் ஓரத்தில் மஞ்சளாகப் பிசின்.

அந்த மஞ்சளை நான் பார்த்திருக்கிறேன்.

என்ன பசை என்று கேட்டேன். லில்லி அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பசையா? ரப்பர் பாலாக்கும். வேற என்னத்த வச்சு ஒட்டுவாவ?"

வாசலுக்கு ஓடினேன். ஜெபராஜ் அண்ணன் கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையில், மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வேனின் பானெட் மேல் குனிந்திருந்தார். நாசிலைச் சுற்றி விரலால் வெள்ளையாகப் பாலைத் தடவிக்கொண்டிருந்தார். பால் புளித்த வாசனை அடித்தது.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மக்கா. இதுக்க கிளிப்பு ஒடிஞ்சு போச்சு, நாசில் கெடந்து ஆடும். தூரப் பயணம் போற பிள்ளையாச்சேன்னு இன்னும் கொஞ்சம் பாலு வச்சு விடுகேன்."

"நேத்தும் வச்சீங்களா?"

"நேத்தும் வச்சேன், முந்தின நாளும் வச்சேன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். "செல்வின் ஊசியால நெம்பும்போ பழைய ஒட்டு விட்டுப் போவும்லா?"

நாசிலின் திசையைச் செல்வின் சரிசெய்வார். சாயங்காலம் இவர் ஈரப் பாலைத் தடவுவார். விடிந்து வெயில் ஏற ஏறப் பால் காய்ந்து சுருங்கும். சுருங்கும்போது குமிழைப் பின்னால் இழுத்து மூக்கை வானத்துக்குத் தூக்கிவிடும். குடைத்துணியை இழுத்தது போலத்தான். செல்வின் அந்த மஞ்சளைப் பார்த்தும் பேசாமல் இருந்ததும் இப்போது புரிந்தது. இந்த ஊரில் செருப்பு பிய்ந்தாலும் பந்து கிழிந்தாலும் ரப்பர் பால்தான். சுவரில் இருக்கும் ஆணியை யார் பார்க்கிறார்கள்? அதைவிட, என் பிடியைச் சந்தேகப்படுவது அவருக்கு எளிதாக இருந்தது.

நான் கத்தியிருப்பேன். அந்த மனிதர் பாலோடு சேர்த்து அன்பையும் அல்லவா தடவியிருக்கிறார்? அன்பு என்பதாலேயே கோபம் இரண்டு பங்கானது. திட்டவும் முடியவில்லை. குடையை வாங்கி அவர் முன்னால் விரித்தேன். பிறகு நாசிலைக் காட்டினேன். அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சவம், இழுத்திருக்கு" என்றார் மெதுவாக.

"உங்க பால் இழுத்ததுக்குத்தான் நான் ரெண்டு நாளா ஏச்சு வாங்கினேன்" என்றேன். "பஸ் ஸ்டாப்புல நின்ன ஆளுங்க மேல ஏத்தியிருப்பேன், அண்ணே."

அவர் சிரட்டையைக் கீழே வைத்தார்.

பழைய பாலை நகத்தால் கிளப்பினேன். நீண்ட நரம்பாக உரிந்து வந்தது. ஒரு பழைய சைக்கிள் டியூபைக் கேட்டு வாங்கி, பிளேடால் ஒரு வளையம் வெட்டி, நாசிலுக்கும் அது உட்காரும் ஓட்டைக்கும் நடுவில் இறுக்கிச் செருகினேன். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. லில்லி அக்காவின் சேலையில் இருந்து ஒரு குண்டூசி வாங்கிக்கொண்டேன். லிவரை இழுக்க ஆள் வேண்டும். ஜெபராஜ் அண்ணன் டிரைவர் சீட்டுப் பக்கம் போனார். நான் அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்பா அதுவரை எந்த வண்டியிலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்ததில்லை. கட்டிலில் ஏறுவதுபோல் ஏறினார். எந்தக் குச்சி என்று காட்டினேன். இழுத்தார். தண்ணீர் நேராக என் வாய்க்குள் போனது. சோப்புத் தண்ணீர். துப்பிவிட்டு மறுபடியும் நெம்பினேன். இழுக்கச் சொன்னேன். என் கண்ணுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஓட்டுகிற பக்கம், விசிறியாக விழுந்தது. நடுவில் அல்ல. அங்கேயே விட்டேன்.

கோயில் மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. லில்லி அக்கா சுருக்கு வைத்த குடையையே பிடித்துக்கொண்டு கணவரைத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது எங்களுக்கு வாழையிலையில் கிழங்கு கட்டிக் கொடுத்தார்.

நாகர்கோவிலைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்ததும் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. இருபுறமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதுவரை பச்சையாக இருந்த மலை, சட்டென்று எங்கள் ஊர் மண் மாதிரி வறண்டது. கண்ணாடியில் பூச்சி அடித்திருந்தது. லிவரை இழுத்தேன். காற்று தண்ணீரைக் கொஞ்சம் ஒதுக்கியது, ஆனாலும் கண்ணாடியில்தான் விழுந்தது.

இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததை அங்கேதான் கேட்டேன். எல்லாரும் உன்னிடம் கேட்டார்களே, எனக்குத் தெரியாது, என் மகளைக் கேளுங்கள் என்று ஒரு தடவைகூட ஏன் சொல்லவில்லை?

அப்பா கிழங்கைப் பிட்டு வாயில் போட்டார்.

"என்கிட்ட யாரும் எதையும் கேட்டதில்ல தாயி. கரிய அளந்து போடுன்னுதான் சொல்லுவாக. அந்தத் தம்பி எங்க அடிக்கணும்னு கேக்கவும், ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு."

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். கோபம் அங்கேயேதான் இருந்தது. அவர் மேல் வைக்க இடம் இல்லாமல் போனது, அவ்வளவுதான். அவரிடம் யாருமே எதுவுமே கேட்காத உலகத்தின் மேல் அதை வைத்துக்கொண்டு ஓட்டினேன். ஓட்டுவதற்கு அதுவும் நல்ல எரிபொருள்தான்.

வெயில் சாயும் முன்பே அலுவலகத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். செயலாளர் வெளியே வந்தார். கூடவே இரண்டு பேர். செயலாளர் அப்பா இருந்த பக்கத்துக் கதவின் மேல் கை வைத்து, உள்ளே குனிந்தார்.

"என்ன மாடசாமி, வண்டி எப்படி இருக்கு? இழுவை உண்டா? கண்டிஷன் என்ன?"

அப்பா கையைப் பின்னால் கட்டப் போவதுபோல் ஒரு கணம் அவர் தோள் அசைந்தது. பிறகு அவர் கதவைத் திறந்துகொண்டு, செயலாளரை ஒதுக்கிவிட்டு, கீழே இறங்கினார்.

"எனக்கென்ன தெரியும்? ஓட்டுனது அவ. ரிப்பேரும் அவதான் பாத்தா. அந்தப் பக்கம் போயி அவளக் கேளுங்க."

செயலாளர் என் பக்கம் வர, வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றித்தான் வரவேண்டும். அவர் நடக்கத் தொடங்கினார். கண்ணாடி முழுக்கப் புழுதி. அவர் சரியாகத் தெரியவில்லை. லிவரை இழுத்தேன். தண்ணீர் முழுவதும் கண்ணாடியிலேயே விழுந்தது. வைப்பர் துடைத்ததும், அவர் பதறி ஒதுங்கி நிற்பது தெளிவாகத் தெரிந்தது. ஒரு துளிகூட அவர் மேல் படவில்லை.

கொஞ்சம் பட்டிருக்கலாம் என்று தோன்றியது. சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு, அவர் சுற்றி வந்து சேரும்வரை சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.